கரப்பான் வளர்க்கும் வீடு

2024 ஆகஸ்ட் 8, வியாழன்

வேலை முடிந்து வரும்போது வாசலில் தைரியராஜ் அண்ணன் பைக் நின்றது. செருப்பைக் கழற்றாமலே படிக்கு ஓடினேன். நம் வீட்டு வாசலில் யார் வண்டி நின்றாலும் இப்போதெல்லாம் இப்படித்தான். என்னவோ ஆகிவிட்டது, சொல்ல ஆள் வந்திருக்கிறது என்று மாடிப்படி ஏறுவதற்குள் மனசு எங்கெங்கோ போய்விடுகிறது.

ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் வழக்கம்போல் மச்சான் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காந்தி மார்க்கெட் பக்கம் கலர் மீன் கடை வைத்திருக்கிறார். என்னைக் கட்டிய மச்சானுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர். மச்சான் கத்தாரிலிருந்து திரும்பி வந்த பிறகு விடாமல் வந்து பார்க்கிற ஒரே ஆள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் பேசிவிட்டுப் போவார்.

இன்று அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியெல்லாம் துளை. உள்ளே கரப்பான்.

நம் வீட்டுக் கரப்பான் இல்லையாம். டூபியா என்று வெளிநாட்டு வகை. அரோவனா மீனுக்குத் தீனி. சென்னையிலிருந்து பார்சலில் வரவழைத்தால் பாதி செத்து வருகிறதாம், உள்ளூரில் யாராவது வளர்த்தால் நல்லதாம். "நீ வீட்லதான இருக்க மாப்ள. பாத்துக்கயேன்" என்றார்.

மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தார். டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது செவுரு ஏறுமா?"

ஏறாது என்றார் அண்ணன். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரப்பான் என்றால் எனக்கு எப்படி ஆகும் என்று மச்சானுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் குளியலறையில் ஒன்றைப் பார்த்துவிட்டு ஈரத் தலையோடு ஓடிவந்தவள் நான். ஆனாலும் வேண்டாம் என்று வாய் வரவில்லை. அவர் கேள்வி கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

ஆகஸ்ட் 9

மச்சான் ஜும்ஆ தொழுகைக்குப் போகவில்லை. எப்போதும்போல். ஆனால் படுத்திருக்கவும் இல்லை. முட்டை அட்டை வேண்டும் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 14

முட்டை அட்டைகளை நிறுத்தி வைத்து, பெரிய பிளாஸ்டிக் டப்புக்கு அவற்றை மாற்றிவிட்டார். ஏறி வராமலிருக்க விளிம்பைச் சுற்றி உள்பக்கம் வாஸ்லின் தடவியிருக்கிறார். கேரட், பூசணித் தோல், கோழித் தீவனம். டப்பு எங்கள் படுக்கையறை மூலையில்தான். அட்டைக்குள்ளிருந்து சரசரவென்று ஒரு சத்தம். காய்ந்த இலையை யாரோ ஓயாமல் பொறுக்குவது போல. நான் மகள் இக்ராவோடு கூடத்தில் படுக்கிறேன். செருப்பை உதறாமல் போடுவதில்லை. தலையணையைத் தூக்கிப் பார்க்காமல் படுப்பதில்லை.

இக்ராவுக்குப் பயமே இல்லை. பதினொரு வயதில் நான் இப்படியா இருந்தேன்? "அத்தா, இது பொம்பளையா ஆம்பளையா" என்று டப்புக்குள் தலையை விட்டுக் கேட்கிறாள். அவர் பதில் சொல்கிறார். றெக்கை இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். பெண் முட்டையிடாமல் குட்டியாகவே போடுமாம். அடுப்படியில் நின்று அவர் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலுக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த நிமிஷமே உடம்பு கூசியது.

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே மறந்துவிடும் எதற்காக இதற்குச் சம்மதித்தேன் என்று. தோஹாவில் கட்டட வேலையில், கூட இருந்த புதுக்கோட்டைப் பையன் இவர் கண்ணெதிரே மேலிருந்து விழுந்துவிட்டான். இவர் நீட்டிய கை எட்டவில்லையாம். அவ்வளவுதான் சொன்னார், அதுவும் ஒரே ஒரு முறை. வந்ததிலிருந்து மாடிப்படி இறங்கியதில்லை. ஏறியது மட்டும் ஒரு நாள். நான் வேலையிலிருந்து வந்தபோது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. போய்க் கையைப் பிடித்த பிறகுதான் திரும்பினார். அன்றைக்கே மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கினேன். கீழ்வீட்டில் இருக்கிற ஓனர் அழகம்மாள் அக்காவிடம் மட்டும் காரணம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் துணி காயப் போடுவதைக் கொல்லைக்கு மாற்றிக்கொண்டார்.

சாவி என் பர்ஸில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு நாளும் போனதில்லை.

ஆகஸ்ட் 27

ஒன்று வெளியே வந்துவிட்டது. றெக்கை உள்ளது. அரிசி டின் மேல். நான் அடுப்பு மேடையோடு ஒட்டி நின்றேன். அவர் வந்து இரண்டு விரலால் எடுத்துப் போனார். கீழே அழகம்மாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தால்? சாமி அறைக்குள் போயிருந்தால்? வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் இவரைப் படி இறக்கி எப்படிக் கூட்டிப்போவேன்?

செப்டம்பர் 6

இப்போது மூன்று டப்பு.

அதோடு புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் அருள்நாதன் என்று ஒருவர் பூச்சிகள் வளர்க்கிறாராம். அண்ணன் மூலமாகக் கொடுத்தனுப்பியிருக்கிறார். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. நம் பக்கத்துப் புதர்க்காட்டில் சருகுக்கு அடியில் இருப்பதாம். கரப்பான் என்று சொன்னால்தான் தெரியும், இல்லாவிட்டால் வண்டு. பெட்டியில் மச்சான் மண்ணும் காய்ந்த இலையும் போட்டு வைத்திருக்கிறார். இது தீனிக்கு இல்லை, சும்மா வளர்க்க, பார்க்க என்றார்.

அந்த அருள்நாதனிடம் போனில் வெகுநேரம் பேசினார். சிரித்தார். ஈரம் அதிகமாகிவிட்டது என்று ஏதோ சொல்லித்தான் சிரித்தார். என்னிடம் அப்படிச் சிரித்துப் பேசி… சரி, விடு. கரப்பானைப் பார்த்துப் பொறாமைப்படவா?

செப்டம்பர் 22, ஞாயிறு

மாவு சலிக்கிற சல்லடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டப்பு அடியில் எச்சம் காப்பித்தூள் மாதிரி சேர்ந்துவிடுகிறது. அதைச் சலித்தால்தான் குட்டிகளைப் பிரிக்க முடியும். கோபமாகப் போனேன். ஒரு கையால் சல்லடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டப்பைச் சாய்க்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். கையெல்லாம் நடுக்கம். கத்தாரிலிருந்து வந்த புதிதில் இருந்த அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் வெகுநாளாக அவர் கையைப் பார்க்கவே இல்லையா?

பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான். முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு. பாதியில் கண்ணைத் திறந்தேன். குட்டிகள் எள் அளவுக்கு இருந்தன. ஒன்று என் கட்டைவிரல் மேல் ஏறி நின்றது. உயிரே போய்விட்டது, ஆனால் சல்லடையை விடவில்லை.

அப்போதுதான் அவர் அந்தப் பையனைப் பற்றிப் பேசினார். நான் கேட்கவில்லை. சல்லடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவன் பெயர் அடைக்கலமாம். டீயில் பிஸ்கட்டைத் தொட்டுச் சாப்பிடும்போது எப்போதும் உடைத்து உள்ளே போட்டுவிடுவானாம்.

அக்டோபர் 10

ஒவ்வொரு ஞாயிறும் சலிக்கிறோம். அந்த நேரத்தில்தான் பேசுகிறார். மற்ற நாளில் கேட்டால் ம் என்பதோடு சரி.

தொண்டையில் அரிப்பு. மழைக்காலம் தொடங்கிவிட்டது.

அக்டோபர் 19

மழை இல்லை. மழை காரணமும் இல்லை. எனக்குத் தெரிகிறது.

வேலையில் இருக்கும்போது ஒன்றும் இல்லை. வீட்டுப் படி ஏறினால் மூக்கு ஒழுகுகிறது, கண் சிவக்கிறது. ஞாயிறு சாயங்காலம் நெஞ்சில் பூனை உட்கார்ந்து கத்துவது போல ஒரு விசில். நான் வேலை பார்ப்பது மருந்துக் கடையில். இப்படி விசிலோடு வருபவர்கள் எந்தச் சீட்டு கொண்டுவருகிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன்.

இன்று ஒரு இன்ஹேலர் எடுத்து வந்தேன், அழகம்மாள் அக்காவுக்கு என்று முதலாளியிடம் பொய் சொல்லி. டாக்டரிடம் போனால் கேட்பார்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் போகவில்லை.

சொன்னால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். அதன் பிறகு? அதன் பிறகு என்ன என்பதை எழுதவே கை வரவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

சலித்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன். காற்று போதவில்லை. தீபாவளிப் பட்டாசுப் புகை என்று சொல்லிக்கொண்டேன். அழகம்மாள் அக்கா கதவைத் திறந்து பார்த்தார். "இது என்னடி இழுப்பு? வாரா வாரம் இங்க வந்து உக்காந்து மூச்சு வாங்குற. அவருக்குத் தெரியுமா?"

தெரியாது, சொல்லவும் வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

நவம்பர் 16

இக்ரா தூங்கும்போது அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. அவளுக்கும் வந்துவிட்டால் நான் என்ன தாய்?

நாளை ஞாயிறு, சொல்லிவிட வேண்டும். சலிக்கும்போதே.

நவம்பர் 20, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து இன்று காலைதான் வந்தோம். கை இன்னும் லேசாக நடுங்குகிறது, நெபுலைசர் வைத்தால் அப்படித்தான் இருக்குமாம். நினைவிருப்பதை எழுதுகிறேன்.

ஞாயிறன்று சொல்லவில்லை. சொல்லத்தான் வாயெடுத்தேன். ஸ்ரீரங்கத்துப் புள்ளிக் கரப்பான் முட்டை பொரித்துவிட்டது, மண்ணுக்கடியில் குட்டிகள் என்று கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? மூன்று டப்பையும் சலித்து முடித்தோம். தூசு அன்றைக்கு அதிகம். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து படிக்கு வந்தேன். இன்ஹேலரை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. கீழ்ப்படியில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டக் கை தூக்கியது வரை தெரியும்.

மீதியை அக்கா சொன்னார். அவர் கத்தியிருக்கிறார். மச்சான் ஓடி வந்திருக்கிறார். வெறுங்கால், லுங்கி, கையெல்லாம் அந்தப் பழுப்புத் தூசு. அத்தனை மாதமாக இறங்காத படி. என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டது அவர்தானாம். நான் பார்க்கவில்லை. அதற்காகவே அழுகை வருகிறது, அதைப் பார்க்காமல் போனேனே என்று.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், வீட்டில் பூனை, நாய், புறா ஏதாவது வளர்க்கிறீர்களா என்று. இல்லை என்று தலையாட்டினேன். கட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்து மச்சான் சொன்னார்.

"கரப்பான் வளக்கிறேன் டாக்டர்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எத்தனை இருக்கும் என்றார். ஆயிரத்துக்கு மேல இருக்கும் என்றார் இவர். தலை குனியவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

அதன் எச்சமும் தோலும் தூசாகி மூச்சில் போவதால் வருவதாம். எல்லோருக்கும் வராது, எனக்கு வந்துவிட்டது. இனி அதே காற்றில் நான் இருக்கக் கூடாது. இக்ராவையும் பரிசோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நவம்பர் 21

டப்புகள் எல்லாம் வராந்தாவில். அறையை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்துவிட்டார். என்னை உள்ளே விடவில்லை. பேசவில்லை. சாப்பிடும்போதும் பேசவில்லை. எனக்கு மூச்சு நன்றாக இருக்கிறது, பயம்தான் நெஞ்சை அடைக்கிறது.

மத்தியானம் வந்து கை நீட்டினார். மாடிச் சாவி கேட்டார். டப்புகளை மேலே கொண்டுபோக வேண்டும் என்று. தொலைந்துவிட்டது என்றேன். பர்ஸை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு.

என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீ எதுக்குப் பயப்படுறன்னு எனக்குத் தெரியும் மஜீதா. பூட்டு போட்ட அன்னிக்கே தெரியும்."

நான் பர்ஸை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"ஒரு நாள் நெனச்சேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன். இப்ப காலைல எந்திரிச்சா அதுங்களுக்குத் தண்ணி வைக்கணும்னுதான் மொதல்ல வருது. வேற நெனப்பு அதுக்கப்புறந்தான் வருது. சில நாள் வர்றதே இல்ல."

அப்படியானால் சில நாள் வருகிறது. சில நாள் வருது. யா அல்லாஹ், நான் கடையில பில் போட்டுட்டு உக்காந்திருக்கிற நேரத்துல இவருக்கு அந்த நெனப்பு வருது, எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது—

சாவியைக் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சாவி கேட்டது போதும், மேலே போக வேண்டாம், அதுங்க இங்கேயே இருக்கட்டும், நான் வேணா வெளியில படுத்துக்கிறேன் என்று என்னவோ உளறினேன். அவர் சரி என்றார். "இழுத்து இழுத்து மூச்சு வாங்கிட்டு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். உங்கள் காரணமாகத்தான் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரிந்தது.

நவம்பர் 23

தைரியராஜ் அண்ணனைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன், அந்தச் சாவி விஷயமும். கடைக்குப் பின்னால் மீன்தொட்டி அடுக்கும் அறை ஒன்று சும்மா கிடக்கிறது, ஜன்னல் உண்டு, டப்புகளை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் தன்னால் பார்த்துக்கொள்ள முடியாது, வளர்ப்பவர்தான் தினமும் வர வேண்டும் என்றார். வேண்டுமென்றேதான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

மச்சானிடம் சொன்னபோது அவர் படியைத்தான் பார்த்தார்.

டாக்டரம்மா இவருக்கும் ஒரு மனநல டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். அதையும் எடுத்து முன்னால் வைத்தேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ம்.

நவம்பர் 29, வெள்ளி

போனார்.

லோடு ஆட்டோவில் டப்புகளோடு முன்னால் உட்கார்ந்து போனார். கண்ணாடிப் பெட்டி மடியில். ஜன்னலில் நின்று பார்த்தேன். தெருமுனை திரும்பியதும் வீடு காலியாகிவிட்டது. மூலையில் அந்தச் சரசரப்பு இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவள் நான். மத்தியானம் வரை போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. இரண்டு முறை அண்ணனுக்கு அடித்தேன், இருக்கிறாரா என்று. இருக்கார்மா, தீனி வெட்டிட்டு இருக்கார் என்றார்.

வந்ததும் கீழேயே, கொல்லைக் குழாயில் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் படியேறினார். அழகம்மாள் அக்காவிடம் கேட்டு ஏற்பாடு செய்திருக்கிறார். எனக்குத் தெரியாமல்.

டிசம்பர் 14

மனநல டாக்டரிடம் இரண்டு முறை ஆயிற்று. மாத்திரை கொடுத்திருக்கிறார். நானே பில் போட்டு வாங்கினேன். முதலாளியிடம் இன்ஹேலர் பொய்யையும் சொல்லிவிட்டேன்.

நேற்று முழுக்கப் படுத்துக்கிடந்தார், கடைக்குப் போகவில்லை. நானும் வேலைக்குப் போகவில்லை. இன்று போனார்.

2025 ஜனவரி 18, சனி

இக்ராவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போயிருக்கிறார், அந்த அருள்நாதன் வீட்டுக்கு. புள்ளிக் கரப்பான் குட்டிகளைக் கொடுத்துவிட்டு வேறு எதையோ வாங்கி வர. பஸ்ஸில். பஸ் காவிரிப் பாலத்தின் மேல்தான் போகும் என்பது அவர்கள் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பாலத்தில் இறங்கி நின்றால்? பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பார்க்கலாம் என்று நின்றால்? இக்ராவுக்கு என்ன தெரியும்?

போன் எடுக்கவில்லை. எடுக்கவே இல்லை. தொழுகை விரிப்பை விரித்தேன், என்ன ஓதினேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். இக்ரா கையில் பாதி தின்ற வெள்ளரிப் பிஞ்சு. பாலத்தில் டிராஃபிக்கில் பஸ் நின்றதாம். அத்தா ஜன்னல் பக்கம் உட்காராமல், கண்ணை மூடிக்கொண்டு அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். அத்தாவுக்கு உயரம்னா பயமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விழுந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருக்கிறதா? பயமாகவா இருக்கிறது? அதற்கு இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவே இல்லை.

மார்ச் 8, சனி

நோன்புக்குப் பேரீச்சம்பழமும் புதினாவும் வாங்க காந்தி மார்க்கெட் போனேன். வாங்கி முடித்ததும் கால் தானாகக் கடைப் பக்கம் போயிற்று. இதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. எதிர்ச் சாரியில் நின்றுகொண்டு போன் அடித்தேன்.

மச்சான் வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார், அங்கேயே நில், கிட்டே வராதே என்று. நடுவில் வெங்காய லாரி, தள்ளுவண்டி, சுமை தூக்குகிறவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனில் பேசினோம். மூச்சு எப்படி இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிக்கொண்டு நேரத்தோடு வந்துவிடுவதாகச் சொன்னார். மெலிந்திருக்கிறார். தாடியை ஒதுக்கியிருக்கிறார். வீட்டில் தினமும் பார்க்கிற ஆள்தான், தெருவில் நின்று பார்க்கும்போது வேறு யாரையோ பார்ப்பது போலிருந்தது.

லாரி நகர்ந்து குறுக்கே வந்தது. அது போனதும் அவர் அங்கே இல்லை.

லாரி போன பக்கம் ரோட்டைப் பார்த்தேன். இந்தப் பயம் இனி என்னை விட்டுப் போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போன் இன்னும் கட் ஆகவில்லை. அதில் அவர் குரல் கேட்டது, உள்ளே யாரோ வாடிக்கையாளரிடம்.

"பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது. உள்ளங்கைய விரிச்சு வைங்க. அது ஏறி வரும்."

கேட்டுக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.